யாருடைய சொல் ‘அடிமை’? – ஒரு பேஸ்பால் தீர்ப்பை முன்வைத்து

நம் பத்திரிகையில் பேஸ்பால் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கிரிக்கெட்டையே சாதியோடு சேர்த்துப் பேச நமக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது விளையாட்டைப் பற்றி அல்ல, ஒப்பந்தத் தாளில் இருந்த ஒரு விதியைப் பற்றி. கிட்டத்தட்ட நூறு வருஷம் அது ஆட்களைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. அதை அறுத்தவர் என்று சரித்திரம் சொல்வது ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித் என்கிற வெள்ளைக்காரப் பந்துவீச்சாளரின் பேரை. அவருக்கு முன்னால் அதை அறுக்கப் போய்த் தன் பிழைப்பையே இழந்தவர் கர்ட் ஃப்ளட் என்கிற கறுப்பர். இந்த இரண்டு பேரும் ‘அடிமை’ என்ற சொல்லை எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் என்னை எழுத வைத்தது.

முதலில் அந்த விதி. 1879இல் அணி முதலாளிகள் ரகசியமாகக் கூடி, ஒவ்வொரு அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென்று ‘ரிசர்வ்’ செய்துகொள்ளலாம், மற்ற அணிகள் அவர்களைத் தொடக்கூடாது என்று பேசி முடித்தார்கள். ரிசர்வ் என்றதும் நமக்கு இடஒதுக்கீடு ஞாபகம் வரும். இது அதற்கு நேர் எதிர். ஆளுக்கு இடம் ஒதுக்குவது அல்ல, ஆளையே முதலாளிக்கு ஒதுக்கிவைப்பது. ஐந்து பேர் என்று ஆரம்பித்தது சில வருஷங்களில் அணி மொத்தத்துக்கும் ஆனது. பிற்பாடு எல்லா ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு பிரிவு ஏறியது: ஆட்டக்காரர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டால், பழைய ஒப்பந்தத்தை அதே நிபந்தனைகளோடு ஒரு வருஷத்துக்கு அணியே புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஒரு வருஷம்தானே என்று தோன்றும். முதலாளிகள் அதை வாசித்த விதம் வேறு. புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அந்தப் பிரிவு இருக்கிறது அல்லவா? அப்படியானால் அடுத்த வருஷமும் புதுப்பிக்கலாம். அதற்கடுத்த வருஷமும். நான் வங்கியில் கிளார்க். வைப்புத்தொகை தானாகவே ரினிவல் ஆகிறதைத் தினம் பார்க்கிறவன். அங்கேகூட வாடிக்கையாளர் வந்து ‘எனக்கு வேண்டாம், பணத்தைக் கொடு’ என்று கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இங்கே வைப்புத்தொகையே மனுஷன். அவனை அணி வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், இன்னொருவனுக்கு மாற்றிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் தூக்கி எறியலாம். அவன் மட்டும் போக முடியாது. போனால் எந்த அணியும் எடுக்காது.

இதை எதிர்த்து முதலில் எழுதியவரும் ஒரு பந்துவீச்சாளர்தான். ஜான் மான்ட்கோமரி வார்டு. 1880இல் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தைத் தொடவிடாமல் ஒரு முழு ஆட்டத்தை வீசி முடித்தவர். தோள் போனபிறகு வேறு இடத்தில் நின்று ஆடினார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், 1885இல் ஆட்டக்காரர்களுக்கு முதல் சங்கம் கட்டினார். 1887 ஆகஸ்டில், பேஸ்பால் ஆட்டக்காரன் என்ன விற்று வாங்கும் உடைமையா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். தப்பி ஓடும் அடிமையைப் பிடித்துவர இருந்த பழைய சட்டத்தோடு இந்த விதியை ஒப்பிட்டார். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து 22 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் சொல்லுக்குச் சூடு ஆறவில்லை.

ஆனால் பாருங்கள், அந்தக் கட்டுரைக்கு முந்தைய மாதம், 1887 ஜூலையில், இன்டர்நேஷனல் லீக் நிர்வாகிகள் கூடி இனிக் கறுப்பு ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் போடுவதில்லை என்று ஓட்டுப்போட்டார்கள். அதே சமயத்தில், கறுப்பர் வீசினால் நாங்கள் ஆடமாட்டோம் என்று சிகாகோ அணியின் தலைவர் கேப் ஆன்சன் மைதானத்தில் முறுக்கிக்கொண்டு நின்றார். நிஜமான அடிமைகளின் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது, உள்ளே இருந்த வெள்ளைக்காரர்கள் தங்களை அடிமை என்று சொல்லிக்கொண்டார்கள். வார்டு கெட்ட மனுஷன் என்று சொல்ல வரவில்லை. முதலாளிகளை எதிர்த்து 1890இல் ஆட்டக்காரர்களே ஒரு தனி லீக் நடத்தினார்கள். தொழிலாளர் சரித்திரத்தில் அது பெரிய காரியம். ஒரு வருஷத்தில் முதலாளிகள் அதை விலைபேசிக் கலைத்துவிட்டார்கள். ஆனால் அந்த லீக்கிலும் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. ‘உடைமை’ என்ற வலி மட்டும் கடன் வாங்கப்பட்டது. வலிக்குச் சொந்தக்காரர்கள் அழைக்கப்படவில்லை.

இது நமக்குத் தெரியாத கதையா? எங்கள் வங்கி வாயிற்கூட்டங்களில் ‘நாங்கள் என்ன கொத்தடிமைகளா’ என்று மைக்கில் முழங்காத தலைவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டால் கொத்தடிமை, டிரான்ஸ்ஃபர் போட்டால் கொத்தடிமை. கோஷம் போடுகிறபோது நானும் கைதட்டுகிறவன்தான், டிரான்ஸ்ஃபர் ஒன்றும் சாதாரண விஷயமில்லை. ஆனால் கிளையைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா தினக்கூலி. சங்கத்தில் உறுப்பினர் இல்லை. கூட்டத்துக்கு முன்னால் அந்த இடத்தைக் கூட்டிவிட்டுப் போவதும் அவர்தான். அவரை யாரும் மைக்கில் கொத்தடிமை என்று சொன்னதில்லை. அவர் தெருவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

கர்ட் ஃப்ளட்டுக்கு வருகிறேன். 1938இல் ஹூஸ்டனில் பிறந்து ஓக்லாந்தில் வளர்ந்தவர். பந்துவீச்சாளர் அல்ல, நடுக்களத்தில் பந்து பிடிக்கிறவர். 1957இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னா ஊரில், கீழ்மட்ட லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வியர்வைச் சீருடையைக் கழற்றி ஒரு குவியலாகப் போட்டார்கள், அடுத்த ஆட்டத்துக்குள் வெளுத்து வர. ஃப்ளட்டும் போட்டார். அணியின் பணியாள் ஓடிவந்து கத்தினார். ஒரு நீளக் கம்பை எடுத்து, குவியலிலிருந்து ஃப்ளட்டின் சட்டையையும் உள்ளாடையையும் மட்டும் குத்தித் தூக்கித் தனியாக எறிந்தார். அது ஊருக்குள் கறுப்பர்களின் சலவைக்கடைக்குப் போய்த் திரும்பவேண்டும். அதுவரை மற்றவர்கள் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்க, 19 வயதுப் பையன் உடுத்த ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கம்பை நமக்குத் தெரியும். பூனாவில் பல்வங்கர் பாலு என்கிற நம் பந்துவீச்சாளருக்குப் பந்தயக் கொட்டகைக்கு வெளியே மண்குவளையில் டீ கொடுத்தார்களே, அந்தக் குவளைக்கும் இந்தக் கம்புக்கும் ஒரே நீளம்தான். மேற்கொண்டு விளக்க ஒன்றுமில்லை.

பிறகு ஃப்ளட் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 பருவம் ஆடினார். இரண்டு உலகத் தொடர் வெற்றி, வரிசையாக ஏழு வருஷம் தங்கக் கையுறை விருது. 1969இல் சம்பளம் 90,000 டாலர். அந்த அக்டோபரில் அணி அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, உன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டோம் என்றார். கேட்கவில்லை, தெரிவித்தார். வீடு, நண்பர்கள், தொழில் எல்லாம் செயின்ட் லூயிஸில்.

ஃப்ளட் ஆட்டக்காரர் சங்கத்தின் மார்வின் மில்லரிடம் போனார். மில்லர் இரும்பாலைத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்துவிட்டு 1966இல் இந்தச் சங்கத்துக்கு வந்தவர். அவர் ஒளிக்காமல் சொன்னார்: வழக்கில் தோற்க வாய்ப்பு அதிகம். ஜெயித்தாலும் உனக்குப் பலன் இருக்காது, உன் ஆட்ட வயசு முடிந்திருக்கும். பயிற்சியாளர் வேலைகூட யாரும் தரமாட்டார்கள். மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பலன் உண்டா என்று ஃப்ளட் கேட்டார். உண்டு, இனி வரப்போகிறவர்களுக்கும் உண்டு என்றார் மில்லர். அது போதும் என்றார் ஃப்ளட்.

சங்கப் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: கறுப்பு விடுதலை அலைக்காகவா இதைச் செய்கிறாய்? இதைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் வழக்குப் போட்டால் அது ஆட்டக்காரர் பிரச்சினை. கறுப்பன் போட்டால் அது கறுப்பர் பிரச்சினை. நம் ஆள் சங்கத்தில் எழுந்து பேசினால் ‘சாதிப் பிரச்சினையை இங்கே கொண்டுவராதீங்க தோழர்’ என்று சொல்வார்கள் இல்லையா, அது. ஃப்ளட் நிதானமாகப் பதில் சொன்னார். கறுப்பனாக இருந்ததால் அநீதி எனக்குச் சீக்கிரம் உறைக்கிறது. ஆனால் நான் ஆட்டக்காரனாகத்தான் வந்திருக்கிறேன், எல்லா ஆட்டக்காரர்களுக்காகவும். சங்கம் ஒருமனதாக ஆதரித்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் போனது: என் விருப்பத்தைக் கேட்காமல் விற்று வாங்க நான் சொத்து அல்ல.

அப்புறம் தொலைக்காட்சியில் கேட்டார்கள். 90,000 டாலர் வாங்குகிறாயே, நீ எப்படி அடிமை? நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்றார் ஃப்ளட். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ‘அவனுக்கென்னப்பா, வாரி வாரிக் கொடுக்கிறாங்க, கொழுப்பு’ என்கிற தொனிதான் எங்கும். நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதையே சட்டத்தின் மொழியில் சொன்னது. பிடிக்காவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாமே, அப்புறம் இது எப்படிக் கட்டாய ஊழியம்? தஞ்சாவூர்ப் படியாளும் ஊரைவிட்டு ஓடலாம்தான். தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைக் கைவிடுவதுதான் விடுதலை என்றால் அந்த விடுதலை யாருக்கு வேண்டும்?

1970இல் விசாரணை நடந்தபோது ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். 1947இல் நிறச்சுவரை உடைத்து உள்ளே வந்த முதல் கறுப்பர், அதற்குள் தலை நரைத்து உடம்பு தளர்ந்திருந்தார். பழைய யூத ஆட்டக்காரர் ஹாங்க் கிரீன்பெர்க் வந்தார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. யாருக்காக ஃப்ளட் நின்றாரோ அவர்களில் ஒருவர்கூட.

1972 ஜூனில் உச்சநீதிமன்றம் 5க்கு 3 என்று ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 1922லேயே இதே நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று சொல்லியிருந்தது. 1972இல் தீர்ப்பெழுதிய நீதிபதி பிளாக்மன், பேஸ்பால் வணிகம்தான், இந்த விலக்கு முரணானதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ரொம்பக் காலமாக இருக்கிற முரண், மாற்றுவதானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்றார். தப்புதான், ஆனால் வழக்கமாகிவிட்ட தப்பு! ‘மாமூல்’ என்று நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. தீர்ப்பின் தொடக்கத்தில் பழைய ஆட்டக்காரர்கள் எண்பது சொச்சம் பேரின் பெயர்களை வரிசையாக எழுதி நீதிபதி புளகாங்கிதம் அடைந்தார். தர்குட் மார்ஷல் மறுதீர்ப்பு எழுதினார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பு நீதிபதி அவர். அதே 1972இல்தான் மும்பையில் கறுஞ்சிறுத்தைகளின் பேரைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் கிளம்பினார்கள். இதை ஞாபகத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

ஃப்ளட் 1970 முழுக்க ஆடவில்லை. 1971இல் வாஷிங்டன் அணியில் 13 ஆட்டம் ஆடிப் பார்த்தார், முடியவில்லை, ஸ்பெயினுக்குப் போய்விட்டார். குடி, கடன். 1997 ஜனவரியில் தொண்டைப் புற்றுநோயில் செத்தார். வயது 59.

இப்போது மெஸ்ஸர்ஸ்மித். 1945இல் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்காக 20 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த ஒப்பந்தத்தில் அவர் முக்கியமாகக் கேட்டது பணம் அல்ல. என் சம்மதம் இல்லாமல் என்னை இன்னொரு அணிக்கு மாற்றக்கூடாது என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஃப்ளட் கேட்டதும் சாரத்தில் அந்த ஒரு வரிதான். டாட்ஜர்ஸ் மறுத்தார்கள். அவர் கையெழுத்துப் போடாமலேயே 1975 முழுக்க வீசினார். 40 ஆட்டங்களைத் தொடங்கினார், 19ஐ முழுசாகத் தானே முடித்தார், 321 இன்னிங்ஸ். பந்துவீச்சாளனின் மூலதனம் தோளும் முழங்கையும். ஒவ்வொரு வீச்சிலும் அது கொஞ்சம் தேயும். ஒப்பந்தமில்லாத, உத்தரவாதமில்லாத ஒரு வருஷத்தில் அத்தனை வீச்சு!

கூட இன்னொருவர், டேவ் மக்நாலி. இடதுகைப் பந்துவீச்சாளர், பால்டிமோரில் தொடர்ந்து நான்கு வருஷம் 20 ஆட்டமோ அதற்கு மேலோ ஜெயித்தவர். 1975இல் மாண்ட்ரியல் அணியில் கையெழுத்துப் போடாமல் ஆடி, தோள் ஒத்துழைக்காததால் ஜூனில் விட்டுவிட்டு மொன்டானாவில் சொந்த ஊருக்குப் போய்விட்டார். இனி ஆடுகிற எண்ணமே இல்லை. மெஸ்ஸர்ஸ்மித்தை டாட்ஜர்ஸ் எப்படியாவது சரிக்கட்டிவிட்டால் வழக்கு விழுந்துவிடும் என்று சங்கத்துக்குப் பயம். மக்நாலியைக் கேட்டார்கள், பேரைச் சேர்த்துக்கொள் என்றார். மாண்ட்ரியல் அணித் தலைவர் ஊருக்கே விமானம் ஏறி வந்து, கையெழுத்துப் போட்டுப் பயிற்சி முகாமில் தலையைக் காட்டினாலே 25,000 டாலர், ஆடினால் 1,25,000 என்றார். மக்நாலி வாங்கவில்லை. இந்தக் கதையில் இவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தனக்குப் பத்துக் காசு லாபமில்லாத வழக்கில் பேரை நிறுத்திவைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அங்கேதான் விஷயம். ஃப்ளட்டின் வழக்கு நடந்துகொண்டிருந்த 1970லேயே மில்லர் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார். ஆட்டக்காரரின் புகாரை முதலாளிகளின் ஆளான ஆணையர் விசாரிக்க முடியாது, இருதரப்பும் ஏற்ற வெளி நடுவர் விசாரிப்பார். அப்போது பத்திரிகையில் யாரும் கவனிக்காத பிரிவு. 1974இல் அதன் வழியாகத்தான் கேட்ஃபிஷ் ஹண்டர் என்கிற பந்துவீச்சாளர், முதலாளி ஒப்பந்தப்படி பணம் கட்டாததால், விடுவிக்கப்பட்டார். 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ் சொன்னார்: ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான். புதுப்பித்த வருஷம் முடிந்ததும் ஆள் சுதந்திரமானவர். தீர்ப்பு வந்த கையோடு முதலாளிகள் சைட்ஸை வேலையைவிட்டுத் தூக்கினார்கள். நீதிமன்றத்துக்கு ஓடினார்கள், இரண்டு இடத்திலும் தோற்றார்கள்.

உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளால் முடியாதது ஒரு வார்த்தையை நேராக வாசித்ததில் நடந்தது. நம் இளைஞர்களில் சிலர் ‘ஒப்பந்தம், ஷரத்து, கமிட்டி இதெல்லாம் சீர்திருத்தவாதம்’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆவேசம் வேண்டும்தான். ஃப்ளட்டின் ஆவேசம் இல்லையென்றால் எந்த ஆட்டக்காரனுக்கும் அந்த விதி உறைத்தே இருக்காது. ஆனால் சின்ன எழுத்தில் இருப்பதை உட்கார்ந்து வாசிக்கிற ஆளும் நமக்கு வேண்டும். கிளார்க் புத்தி என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள்.

1975இல் சராசரிச் சம்பளம் ஏறத்தாழ 44,000 டாலர், 1980இல் ஏறத்தாழ 1,43,000. மெஸ்ஸர்ஸ்மித் அட்லாண்டா அணிக்குப் போனார். அணி முதலாளி டெட் டர்னருக்கு ஒரு தொலைக்காட்சி நிலையம் இருந்தது, 17ஆம் சேனல். மெஸ்ஸர்ஸ்மித்துக்கு 17ஆம் எண் சட்டை கொடுத்து, முதுகில் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ‘சேனல்’ என்று எழுதிவைத்தார். சொத்தாக இருக்கமாட்டேன் என்று ஜெயித்து வந்தவர் விளம்பரப் பலகை ஆனார். லீக் தலையிட்டு எடுக்கவைத்தது. அப்புறம் முழங்கை போனது, தோள் போனது, 1979இல் எல்லாம் முடிந்தது. பின்னாளில் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அந்த மெஸ்ஸர்ஸ்மித் சொன்னது ஒன்று. வருஷம் 1,15,000 டாலர் வாங்கிக்கொண்டு நான் அடிமையாக இருந்தேன் என்று சொன்னால் அது சுத்தப் பிதற்றல், எனக்கே தெரியும். நான் செய்தது பெஞ்சிலேயே உட்கார்ந்து, போக வழியில்லாமல் இருக்கிறவர்களுக்காக. நேர்மையான பேச்சு. வார்டு கடன் வாங்கிய சொல்லை இவர் 88 வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதை எடுத்து வைத்துக்கொண்டு, பார், மெஸ்ஸர்ஸ்மித்தே சொல்லிவிட்டார், ஃப்ளட் மிகைப்படுத்தினார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். மெஸ்ஸர்ஸ்மித்துக்கு அந்தச் சொல் உவமை. உவமை பொருந்தவில்லை, கீழே வைத்தார். ஃப்ளட்டுக்கு அது உவமை இல்லை, குடும்ப வரலாறு. தன் சட்டையைக் கம்பால் தூக்கியதும், கேட்காமல் தன்னை ஃபிலடெல்ஃபியாவுக்குத் தூக்கியதும் ஒரே கை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சம்பளம் அந்தக் கையின் மேல் போட்ட உறை.

மரியாதைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் வார்டு இருக்கிறார், 1964லிருந்து. ஃப்ளட்டின் கடிதத்தை மறுத்த ஆணையர் கூனை 2008இல் சேர்த்தார்கள். மில்லரை 2012இல் அவர் செத்து ஏழு வருஷம் கழித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஃப்ளட்டுக்கு இடமில்லை.

ஒரு சட்டத்துக்கு அவர் பேரை வைத்தார்கள். 1998இன் கர்ட் ஃப்ளட் சட்டம். மேல்மட்ட லீக் ஆட்டக்காரர்களின் வேலை விஷயத்தில் பேஸ்பாலுக்கு இருந்த அந்தப் பழைய விலக்கு இனிச் செல்லாது என்றது. கீழ்மட்ட லீக்குகளுக்கு இது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதினார்கள். கம்பால் சட்டையைத் தூக்கிய அன்று ஃப்ளட் இருந்தது கீழ்மட்ட லீக்கில்தான். 2018இல் இன்னொரு சட்டம் வந்து கீழ்மட்ட ஆட்டக்காரர்களை மத்திய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பெரும்பகுதியிலிருந்து விலக்கியது. அவர்களில் டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்த ஏழைப் பிள்ளைகள் ஏராளம். ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அவர்களை மில்லர் கட்டிய சங்கம் உள்ளே சேர்த்துக்கொண்டது 2022இல். மெஸ்ஸர்ஸ்மித் தீர்ப்பு வந்து 47 வருஷம் கழித்து. 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். அடிமட்டப் பயிற்சி லீக்கில் ஒரு பையனின் ஆண்டுக் கூலி 4,800 டாலரிலிருந்து 19,800 ஆனது. அதே வருஷம் மேலே ஆடுகிறவருக்குக் குறைந்தபட்சம் 7,20,000.